ஆளுக்கொரு கொலையாளி

எங்கள் ஊரில் இப்போது ஆளுக்கொரு கொலையாளி இருக்கிறான். வீட்டுக்கு ஒருவன் என்றுகூட இல்லை. ஒரே வீட்டில் மாமியாருக்கு ஒருவன், மருமகளுக்கு ஒருவன். செத்தது மட்டும் ஒருத்திதான். அமலி டீச்சர். எங்கள் மாடியில் குடியிருந்தவள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் மாரீஸ்வரி. சாத்தூரில் காராச்சேவுக் கடை வைத்திருக்கும் ஜெயக்கொடியின் பெண்டாட்டி. அடுப்பு அவருடையது, கல்லாவும் வாயும் என்னுடையது. வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். பேசாத மனிதரைக் கட்டிக்கொண்டவளுக்கு இரண்டு பேர் பேச்சையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறதே, என்ன செய்ய? பிள்ளை குட்டி இல்லை. இரண்டு தடவை வயிற்றில் தங்கித் தங்காமல் போனது. அதற்கப்புறம் கடைதான் பிள்ளை.

அமலி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ட்யூஷனுக்கு வந்த பிள்ளைகள் மாடியேறிப் போய் அலறின. கத்திக்குத்து. மத்தியானமே செத்திருக்க வேண்டும் என்றார்கள், கட்டில் பக்கத்தில் கிடந்தாள். போலீஸ் வந்தது, நாய் வந்தது. நாய் நேராக எங்கள் கடை வாசலில் வந்து நின்று, சேவு வாசத்துக்கு வாலை ஆட்டியது. அதற்கு மேல் ஒரு துப்பும் கிடைக்கவில்லை. ஊர் ஒரு வருஷம் பேசியது, பிறகு வேறு சாவுகள் வந்தன.

நான் அவளோடு சண்டை போட்டவள்தான். தண்ணீர்த் தொட்டிக்காகப் போட்டேன். சேவுப் பொட்டலத்தை இவர் தானே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததற்காகவும் போட்டேன். "நீ எப்படி இந்த வீட்ல இருக்கேன்னு பாக்கிறேன்டி" என்று தெருவே கேட்கும்படி கத்தியிருக்கிறேன். எந்த வீட்டுக்காரி குடித்தனக்காரியைக் கத்தாமல் இருந்திருக்கிறாள்?

சும்மா கிடந்த சங்கை எடுத்து ஊதியவன் நந்தீஷ். சென்னைப் பையன். துப்புத் துலங்காத கொலைகளைப் பற்றி, காதோலை என்ற செயலியில் வாரா வாரம் பேசுகிறவன். சந்தா கட்டினால் இயர்போன் இலவசம். அந்த இயர்போனில்தான் அது பேசும், ஸ்பீக்கரில் போட்டால் பேசாது. எங்கள் ஊர்ப் பெயரை அவன் சொல்கிறான் என்று தெரிந்ததும் சாத்தூரே காதில் மாட்டிக்கொண்டது. பூக்காரி மாட்டிக்கொண்டாள். பஸ் டிரைவர் மாட்டிக்கொண்டார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு ஒரு மூட்டை அவல் கிடைத்த மாதிரி.

முதல் சண்டை எங்கள் கடை வாசலில்தான் நடந்தது. பக்கத்துப் பாத்திரக்கடை வெள்ளத்தாய் மதினியும் அவள் மருமகள் கவிப்பிரியாவும் சேவு வாங்க வந்திருந்தார்கள்.

"பாத்தியா மாரி, அந்தப் பால்காரன் கோட்டைச்சாமிய? அன்னைக்கி ரெண்டு தடவை மாடிக்குப் போயிருக்கானாம்ல. ஒரு தடவை பால் ஊத்தப் போனான், இன்னொரு தடவை என்னத்த ஊத்தப் போனான்?" என்றாள் மதினி.

"என்னத்தே சொல்றீங்க? கோட்டைச்சாமிய இயர்போன்ல ஒரு வார்த்தைதான் சொல்லிட்டு விட்டுட்டாங்க. டீச்சரோட தம்பிதான். சொத்துப் பத்திரம் பத்தி எவ்வளவு நேரம் சொன்னாங்க!" என்றாள் மருமகள்.

"எனக்கென்ன காது செவிடா?"

"எனக்கா செவிடு?"

கட்டணம் கட்டிக் கேட்டவர்கள் இரண்டு பேரும். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் நூறு கிராம் சேவு நிறுக்கச் சொல்லிவிட்டு நின்றவர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பேருமே ஒழுங்காக் கேக்கல. எதுத்த வீட்ல டைல்ஸ் ஒட்ட வந்தான் பாருங்க, வடக்கத்திப் பய. அவன்தான். அக்குவேறு ஆணிவேறா விளக்கியிருக்கான் அந்தப் பையன்."

மூன்று பேரும் கேட்டது ஒரே அத்தியாயம்தான். மதினிக்குப் பால்காரரோடு தண்ணிப்பால் சண்டை நெடுநாளாக உண்டு. கவிப்பிரியாவின் சொந்தத் தம்பி அவளுக்குச் சேரவேண்டிய நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டவன். ஹெட்மாஸ்டருக்கு ரயிலில் இந்தி கேட்டாலே வயிற்றைப் புரட்டும். அப்போதே எனக்குப் பொறி தட்டியது. ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் சோன்பப்டி விற்க வந்த ஒரு வடநாட்டு மனிதரைப் பஸ் ஸ்டாண்டில் வைத்து அடித்தார்கள். அந்த ஆள் சாத்தூருக்கு வந்தே இரண்டு மாதம்தான் இருக்கும். அமலி யாரென்றே தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார், விரலிடுக்கில் ரத்தம். சோன்பப்டி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போன பையன்கள்கூடக் காதில் இயர்போன் மாட்டியிருந்தார்கள். கோட்டைச்சாமியிடம் பால் வாங்குகிறவர்கள் பாதிக்குப் பாதி நின்றுபோனார்கள்.

எங்கள் கடைக்கும் ஆட்கள் வந்தார்கள், சேவு வாங்க அல்ல. மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் காரில் வந்து, மாடிப்படியோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். இவர் அடுப்பில் நிற்பதைத் தூரத்திலிருந்து பிடித்தார்கள். கடையைப் பற்றி இணையத்தில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "சேவு சுமார். கொலையாளி பிரமாதம். ஐந்து நட்சத்திரம்." நாசமாப் போறவளே, உன் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று நான் வந்து எட்டிப் பார்த்தேனா?

ஆமாம், இவர் பெயரும் அதில் இருந்தது. பால்காரர், அமலியின் தம்பி, டைல்ஸ் வேலைக்காரன், ட்யூஷன் பிள்ளை ஒன்றின் அப்பா, பிறகு வீட்டுக்காரர் ஜெயக்கொடி. எங்கள் கடைமேல் வயிற்றெரிச்சல் உள்ள ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் அப்போது இவர் கொலையாளி. நான் அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று வைராக்கியம். வைராக்கியமா பயமா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் வைராக்கியம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஒருநாள் மத்தியானம் நந்தீஷே கடைக்கு வந்தான். பார்க்க நல்ல பிள்ளை மாதிரிதான் இருந்தான். "அக்கா, கால் கிலோ குடுங்க" என்று சிரித்தான். இவர் எண்ணெய் வாங்கப் போயிருந்தார். நிறுத்துப் பொட்டலம் கட்டிவிட்டு நான் தராசைக் கீழே வைத்தேன்.

"ஏந்தம்பி, ஒரு கதைய ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றியாமே. இது என்ன பொழப்பு?"

"கதை ஒண்ணுதான்க்கா. அடுக்குறது மட்டும் வேற. அதுல ஒரு பொய் கிடையாது. எல்லாமே போலீஸ் சொன்னது, ஊர்ல விசாரிச்சது."

"அடுக்குறதுன்னா?"

"காதுக்குள்ள ரத்தம் ஓடுதுல்ல, இயர்போன் அதுல உங்க நாடியப் பாத்துக்கிட்டே இருக்கும். ஒரு பேரச் சொல்றப்ப உங்களுக்குத் திக்குனு ஆச்சுன்னா, அடுத்து அந்த ஆளைப் பத்தியே சொல்லும். ஆகலைன்னா அந்த ஆள் பின்னாடி போயிடுவாரு. அப்படியே போகப் போக, ஒருத்தர் மட்டும் முன்னாடி வந்து நிப்பாரு. பேசுறது என் குரல்தான். ஆனா நான் பேசல, மெஷின் பேசுது."

"அப்ப கொன்னது யாருன்னு அது சொல்லல. நான் யாரக் கொலைகாரன்னு நெனைக்கிறேனோ அதச் சொல்லுது."

"நெனைக்கிறதுகூட இல்லக்கா. யாரப் பிடிக்காதோ, யாரப் பாத்து உள்ளுக்குள்ள பயமோ, அவங்க. நிறைய பேருக்கு அது அவங்களுக்கே தெரியாது. கேட்டு முடிச்சிட்டு 'அட, நான் அப்பவே நெனச்சேன்'னு எழுதுவாங்க. எங்களுக்கு வர்ற கமெண்ட்ல அதுதான் அதிகம்." இதைச் சொல்லும்போது அவனுக்கு ஒரு பெருமை இருந்தது.

"கொன்னவனே கேட்டா?"

கொஞ்சம் யோசித்தான். "அவனுக்கும் பிடிக்காத ஆள் யாராச்சும் இருப்பாங்கல்ல."

"நல்லா இருக்குடா உங்க நியாயம். இந்த அஞ்சு பேரும் அவங்க பொண்டாட்டி பிள்ளைகளும் என்னத்தத் தின்னுட்டுச் சாவாங்க?"

"அஞ்சு இல்லக்கா, ஆறு பேரு" என்றான். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவன் மாதிரி பொட்டலத்தை எடுத்துக்கொண்டான். "ஆறாவது ரொம்ப அபூர்வமாத்தான் வரும்." யாரென்று கேட்பதற்குள் கார் ஏறிவிட்டான்.

ஊருக்குள் அடிதடி முற்றியது. ஆளுக்கொரு கொலையாளி இருந்தால் கடைத்தெரு எப்படி நடக்கும்? வியாபாரிகள் சங்கத் தலைவர் தவமணி அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். கோயிலில் வைத்து, பெயர் அடிபடுகிற அத்தனை பேரும் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணுவது. சூடத்தை ஏற்றி, எரிகிறபோதே உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு விளங்காது. கோர்ட்டில் புளுகுகிறவன்கூட எங்கள் ஊரில் சூடத்தின் முன்னால் புளுக மாட்டான். எனக்கும் அது சரியென்றே பட்டது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? ஒரு அடி, ஒரு சத்தியம், விவகாரம் முடிந்தது. இவரை நான்தான் வேட்டி மடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

நந்தீஷ் மைக்கோடு வந்து நின்றான். சிறப்பு அத்தியாயமாம். கோட்டைச்சாமி அடித்தார். ட்யூஷன் பிள்ளையின் அப்பா அழுதுகொண்டே அடித்தார். அமலியின் தம்பி தூத்துக்குடியிலிருந்து வந்து, "நாங்க இத அடிக்கிறதில்ல" என்று வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்துச் சொன்னான், ஊர் ஏற்றுக்கொண்டது. டைல்ஸ் வேலைக்காரன் எந்த மாநிலத்தில் இருக்கிறானோ, அவனை விட்டுவிட்டார்கள். அடுத்து இவர் முறை.

தவமணி அண்ணாச்சி வாசகத்தை எடுத்துக் கொடுத்தார். "சொல்லுப்பா. இதுல எனக்கோ என் வீட்டாருக்கோ கையிருந்தா என் குலம் விளங்காமப் போகட்டும்."

கூட்டத்தில் ஒருத்தன், "இனிமே புதுசா என்ன விளங்காமப் போகப் போகுது?" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் வயிறு பற்றி எரிந்தது. ஆனால் அதையெல்லாம் இவர் கேட்டதாகத் தெரியவில்லை. கையை ஓங்கினார். சூடம் எரிந்துகொண்டிருந்தது. திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். கையைக் கீழே போட்டார்.

"என்னால முடியாது அண்ணாச்சி."

"ஏன்யா?"

"முடியாதுன்னா முடியாது."

கூட்டம் வழிவிட்டது. அவர் நடந்துபோனார். சூடம் தானாக அணைந்தது. என்னைப் பார்த்த அந்தப் பார்வையை நான் அவமானம் என்று எடுத்துக்கொண்டேன். தப்புச் செய்தவன் பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்கிற பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஊர் ஒன்றானது. இவர் பெயரைக் கேட்டால் எல்லோருக்கும் திக்கென்றது, எல்லோர் காதிலும் இவரே முன்னால் வந்து நின்றார். வெள்ளத்தாய் மதினியும் மருமகளும் சமாதானமாகிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் எதிர்ப்பக்கம் நடந்தார். கோட்டைச்சாமிக்கு வாடிக்கை திரும்பி வந்தது, எங்களுக்குப் பால் ஊற்றுவதை அவர் நிறுத்திக்கொண்டார். சேவு பொரித்துப் பொரித்துத் தட்டில் ஆறிப்போய்க் கிடந்தது. "நான் அப்பவே நெனச்சேன்" என்று ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். போலீஸ் ஒரு தடவை கூப்பிட்டு விசாரித்துவிட்டு, "சத்தியம் பண்ணலைங்கிறது சாட்சி ஆகாதும்மா" என்று என்னிடமே சொல்லி அனுப்பியது. போலீசுக்கு ஆகாது, ஊருக்கு ஆகும். எனக்கு?

இவரைக் கேட்டுப் பார்த்தேன். கெஞ்சினேன், வைதேன். "ஒரு அடி அடிச்சிருந்தா என்னங்க? ஊரு வாயையும் அடைச்சிருக்கலாம்ல? எதுக்கு முடியாதுன்னீக?"

அவர் எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "விடு மாரி."

"எத விட?"

"நீ அதக் கேட்டியா? இயர்போன்ல?"

"இல்ல."

"கேட்டுறாத" என்றார். அவ்வளவுதான்.

கேட்காதே என்றால் என்ன அர்த்தம்? எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கடை போனால் போகட்டும், இட்லி விற்றுப் பிழைத்துக்கொள்வேன். ஊர் போனால் போகட்டும். ஒரு தட்டில் சோறு தின்னும் மனிதன் கொலைகாரனா இல்லையா, அது ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அதை இயர்போனிடம் கேட்கக் கூடாது என்றும் எனக்குத் தெரியும். அது என் நாடியைத்தான் எனக்குத் திருப்பிச் சொல்லும். அப்படியும் ஒரு நப்பாசை. என் மனசு சுத்தமாக இருந்தால் அது பால்காரரைச் சொல்லட்டுமே, எவனையாவது சொல்லட்டுமே. அப்போது என் மனசாவது எனக்குத் தெரிந்துவிடும்.

கவிப்பிரியாவிடம் இயர்போனை வாங்கி, வெயில் கொளுத்தும் மத்தியானம், ஆளில்லாத கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன்.

நந்தீஷின் குரல் அழகாகப் பேசியது. அமலி சிறு வயதில் எப்படி இருந்தாள், எப்படிச் சிரிப்பாள். எனக்கு அழுகை வந்தது. இப்படி ஒரு பெண்ணைத் தண்ணீருக்காக வைதேனே என்று இருந்தது. பால்காரர் வந்தார், போனார். தம்பி வந்தான், போனான். "வீட்டுக்காரர்" என்றது குரல். நான் தண்ணீர் குடித்தேன். மாரியம்மன் பேரைச் சொல்லி மெல்ல மூச்சு விட்டேன். குரல் அவரை விட்டுவிட்டு வேறெங்கோ போனது. அப்பாடா என்று இருந்தது. அந்த 'அப்பாடா'வே என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். குரல் திரும்பி வந்தது. ஜெயக்கொடி அன்று விருதுநகரில் எண்ணெய் எடுக்கப் போனதாகச் சொன்னார். அங்கே எண்ணெய்க் கடைக்காரர் ஆமாம் என்று சாட்சி சொன்னார். ஆனால் அன்று விருதுநகரில் எண்ணெய் மொத்தக் கடைகள் எல்லாம் அடைப்பு. அப்படியானால் அந்த மத்தியானம் முழுவதும் அவர் எங்கே இருந்தார்?

எனக்கு இது புதிதல்ல. அன்று அவர் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்தவள் நான். எண்ணெய் டின் எங்கே என்று நான் கேட்கவில்லை. அடுத்த நிமிஷம் மாடியில் பிள்ளைகள் அலறின. அதன்பிறகு அதைக் கேட்கிற தைரியம் எனக்கு வரவே இல்லை. ஒன்பது வருஷமாக அந்தக் கேள்விமேல் உட்கார்ந்துகொண்டுதான் கல்லாவில் காசு வாங்கிப் போட்டிருக்கிறேன். குரல் அதற்குப் பிறகு வேறு யாரிடமும் போகவில்லை. கடைசிவரை அவரையே சொன்னது.

நிமிர்ந்தால் அவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். "யாரச் சொல்லிச்சு?"

"பால்காரன" என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பொய் சொல்லத் தெரியல உனக்கு. நானும் கேட்டேன் மாரி. முதல் வாரமே கேட்டேன்."

"உங்களுக்கு யாரச் சொல்லிச்சு?"

அவர் என்னையே பார்த்தார். ஆத்தாடி, அதே பார்வை. ஆறாவது ஆள் யாரென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"என்னையா?" என்று கத்தினேன். "என்னையா சொல்லிச்சு? நீங்க அத நம்புனீகளா?"

"அது சொல்லித்தானா எனக்குத் தெரியணும்?" என்றார். குரல் எழும்பவே இல்லை. "அன்னைக்கி நான் வந்தப்ப நீ பின்கட்டுல சேலைய அலசிக்கிட்டு இருந்த. தண்ணி செவப்பா ஓடிச்சு. என்னப் பாத்ததும் வாளியக் கவுத்துவிட்ட. மறு நிமிஷம் மாடியில சத்தம். அதுக்கு மொத வாரம் அவள அப்படி வஞ்சிருந்த. நான் என்னன்னு நெனைக்க? போலீஸ்ல சொல்லல. யார்ட்டயும் சொல்லல. கோயில்ல எனக்கு மட்டும்னு சொல்லச் சொல்லியிருந்தா உடனே அடிச்சிருப்பேன். வீட்டாரையும் சேத்துல்ல சொல்லச் சொன்னாக. எனக்கு மட்டும் அடிக்கிறேன்னு சொன்னா ஊரு அடுத்து யாரப் பாக்கும்?"

அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்தது. ஒன்பது வருஷம் இந்த மனிதர் என்னைக் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டு, என் கையால் சாப்பிட்டு, எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்து, ஊரே காறித் துப்பியபோது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"பாவி மனுஷா, அது நம்ம பிள்ளை" என்றேன். "மூணாவதா நின்னுச்சு. ரெண்டு தடவ உங்க அம்மாட்ட வாங்கின பேச்சு போதும்னு, அஞ்சு மாசம் தாண்டட்டும்னு உங்ககிட்டகூடச் சொல்லல. அன்னைக்கி மத்தியானம் போயிருச்சு. ஆஸ்பத்திரி நர்சம்மா ரெஜினா சிஸ்டர் வந்துதான் பாத்தாக. நீங்க பாத்தது அந்த ரத்தம். மறு நிமிஷம் மாடியில பொணம். ஒரு வீட்ல ஒரே நாள்ல ஒரு சாவு போதும்னு வாயப் பொத்திக்கிட்டேன்."

அவர் கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. பிறகு, "நெசமாவா மாரி?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உயிரே போயிற்று. ஆனால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும் கேட்டேன். "நீங்க எங்க போயிருந்தீக அன்னைக்கி? விருதுநகர்ல கடை அடைப்பு."

"கோவில்பட்டிக்குப் போனேன். கடை அடைப்புன்னு பஸ்ஸ்டாண்டுலயே சொல்லிட்டாங்க. காலையில நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த, வீட்டுக்கு வரப் பிடிக்கல. தியேட்டர்ல போய் உக்காந்துட்டேன். ஒரு பொம்பள செத்துக் கெடக்கிறப்ப நான் படம் பாத்துக்கிட்டு இருந்தேன்னு எப்படிச் சொல்ல? எண்ணெய்க் கடை அண்ணாச்சி நம்ம சொந்தம், ஆமான்னு சொல்லிட்டாரு."

"என்ன படம்?" என்றேன்.

கேட்டபிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. போலீஸ்காரன் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். அவர் படத்தின் பெயரைச் சொன்னார். யோசிக்காமல் சொன்னார். யோசிக்காமல் சொன்னதால் நம்புவதா, தயாராக வைத்திருந்ததால் யோசிக்கவில்லையா என்று என் புத்தி அதற்குள் பிரித்து அடுக்க ஆரம்பித்துவிட்டது. நந்தீஷின் மெஷின் என்னிடம் பிச்சை வாங்க வேண்டும்.

மறுநாள் காலையில் தங்கச்சியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். அந்தத் தியேட்டர் இல்லை. இடித்துக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார்கள். வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "ஒம்போது வருஷத்துக்கு முந்தி என்ன படம் ஓடுச்சுன்னு யாருக்கும்மா ஞாபகம் இருக்கும்?" என்று சிரித்தார். அப்படியே யாருக்காவது ஞாபகம் இருந்தாலும் என்ன? படம் ஓடியது தெரியும், இவர் உட்கார்ந்து பார்த்தாரா என்று எந்த நாற்காலி சொல்லும்?

அங்கே நிற்கும்போதுதான் போன் வந்தது. ரெஜினா சிஸ்டர்.

"மாரி, என்னம்மா விஷயம்? உன் வீட்டுக்காரர் காலையில வந்தாரு. அந்தச் சனிக்கிழமை நான் உன்னைப் பாத்தது உண்டான்னு கேட்டாரு. உண்டு, மத்தியானம் பூரா உன் பக்கத்துலதான் இருந்தேன், ட்யூஷன் பிள்ளைங்க வர்ற நேரத்துக்குத்தான் கெளம்புனேன்னு சொன்னேன். திண்ணமாத் தெரியுமான்னு ரெண்டு தடவ கேட்டாரு. அப்புறம் என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாரு. என்னத்துக்கும்மா?"

ஒன்றுமில்லை சிஸ்டர் என்றேன். நீ எங்கே இருக்கிறாய் என்று சிஸ்டர் கேட்கவில்லை, நல்ல வேளை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான். அவருக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு இனி நான் யாரென்று தெரியும். எனக்கு அவர் யாரென்று கடைசிவரை தெரியப்போவதில்லை. அமலியைக் கொன்றவன் எங்கோ இயர்போனை மாட்டிக்கொண்டு என் புருஷன் பெயரைக் கேட்டுக்கொண்டிருப்பான் என்றும் தோன்றியது. அவன் என் வீட்டிலேயே இருப்பான் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே அளவுக்குத் தோன்றியது, அதுதான் கொடுமை.

கடை திறந்திருந்தது. வாசலிலேயே புதுச்சேவு வாசம். பல மாதம் கழித்து அவர் பாட்டு முனகிக்கொண்டே சேவு தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பத்து வயது குறைந்த முகம்.

"என்ன மன்னிச்சிரு மாரி. ரெஜினா சிஸ்டர்ட்ட போய்க் கேட்டுட்டேன். கேட்டது தப்புத்தான், செருப்பக் கழட்டி அடி. ஆனா இப்பத்தான் எனக்கு மூச்சு வருது." பேசாத மனிதர் மளமளவென்று பேசினார். "வா, கோயிலுக்குப் போவோம். தவமணி அண்ணாச்சியக் கூப்பிடு, அந்தப் பயலையும் மைக்கோட வரச் சொல்லு. எனக்கும் சேத்து, உனக்கும் சேத்து, எத்தன சூடம் வேணும்னாலும் அடிக்கிறேன். இனி என்ன பயம்?"

நான் அவரை ஏறிட்டுப் பார்த்தேன். "ஏங்க, நீங்க படம் பாக்கத்தான் போனீகளா?"

அவர் சிரித்தார். கோபமே வரவில்லை. நிரபராதியான பெண்டாட்டியைத் திரும்பப் பெற்ற சந்தோஷத்தில் அந்தக் கேள்வி அவருக்கு உறைக்கவே இல்லை. "இதென்ன கேள்வி? கோயில் வரைக்கும் எதுக்கு? இந்தா, உன் தலைமேல அடிச்சே சத்தியம் பண்றேன்" என்று கையை நீட்டினார்.

தலையில் அடித்துச் செய்கிற பொய்ச் சத்தியம், அடித்தவனை ஒன்றும் செய்யாது. யார் தலையில் அடித்தானோ அவளைத்தான் கொண்டுபோகும் என்பார்கள் எங்கள் ஊரில். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா இல்லையா என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்க நேரமும் இருக்கவில்லை.

கை என் தலைக்கு வருவதற்குள் நான் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. மாவு ஒட்டிய கை என் தலை இருந்த இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது.